திண்டுக்கல்லில் ஒரு சோடா சிலிண்டரும் இரண்டு செவலை மாடுகளும்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஒரு டீ சொன்னேன். கிளாஸ் என் கைக்கு வருவதற்கு முன்பே, "அண்ணனுக்கு எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டார் கடைக்காரர். மலேசியா, ஈப்போ என்றேன். "அது சரிண்ணே, சொந்த ஊரு?" சொந்த ஊரே ஈப்போதான் என்றேன். "அது இருக்கட்டும், பூர்வீகம் எது?" என் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மனிதர் வாயைத் திறக்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதைச் சொன்னதும் டீக்கடையே எனக்காகக் கவலைப்பட ஆரம்பித்தது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் என் மூக்கை உற்றுப் பார்த்து, நத்தம் பக்கம் என்றார். இன்னொருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, இது பழனிப் பக்கத்து இழுவை என்றார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பூர்வீகங்களை வைத்து ஒரு தாலுகாவே அமைக்கலாம்.

நான் வந்தது பூர்வீகம் தேடி அல்ல, மாடு தேடி. ஈப்போவில் ஒரு கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. விஞ்ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். விஞ்ஞானிகள் கேட்பதைக் குடுவையில் வளர்த்துக் கொடுப்பவன். மாட்டின் வாலடியில் கட்டைவிரல் அளவு கொழுப்பை எடுப்போம். அதற்குள் இருக்கும் குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, பிரித்துப் பெருக்குவோம். பிறகு சினை நிற்காத மாட்டின் கருப்பைக்குள் அவற்றைச் செலுத்தி, புண்பட்ட உள்சுவர் ஆறுகிறதா என்று பார்ப்போம். இரண்டாயிரங்களின் கடைசியில் இதெல்லாம் இன்னும் சோதனைதான். நடக்கும் என்றும் சொல்ல முடியாது, நடக்காது என்றும் சொல்ல முடியாது. எங்கள் பேராசிரியர் இதற்கு மாடு தேடியபோது, திண்டுக்கல்லிலிருந்து கையைத் தூக்கியவர் டாக்டர் செபாஸ்டின். எங்களிடம் பயிற்சிக்கு வந்து, என்னோடு தினமும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டு எடை கூடிப் போன கால்நடை மருத்துவர்.

அவர் நாகல் நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் அறை எடுத்திருந்தார். அறைக்குள் கண்ணாடித் தடுப்பு போட்டு இன்னொரு அறை. ஈப்போவில் எங்கள் கூடத்துக்குள் நுழைவதற்குள் செருப்பை இரண்டு தடவை மாற்றவேண்டும். அங்கே குசுகுசுவென்றுதான் பேசுவோம். இங்கே கீழே ஆட்கள் சில்வர் அண்டாவைத் தட்டித் தட்டி விலை பேசினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மாடியில் என் நுண்ணோக்கி அதிர்ந்தது. நான் முகத்தைச் சுளித்ததை செபாஸ்டின் பார்த்துவிட்டார்.

"கல்யாண மாசம் வரப்போகுதுல்லண்ணே. இனிமே ஜாஸ்தியாத்தான் தட்டுவாங்க."

"கரண்ட் எத்தனை தடவை போகும்?" என்று கேட்டேன்.

"போறதுக்குக் கணக்கு இல்லண்ணே. வாரதக் கேளுங்க, சொல்றேன்."

அதற்கு இன்வெர்ட்டர் வைத்திருந்தார். செல் வளர்க்கும் பெட்டிக்குக் கரண்ட் மட்டும் போதாது, உள்ளே எந்நேரமும் கொஞ்சம் கரியமில வாயுவும் இருந்தாகவேண்டும். இல்லாவிட்டால் செல்கள் கிடக்கும் திரவத்தின் பக்குவம் கெட்டு எல்லாம் செத்துப்போகும். அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். மூலையில் நின்ற சிலிண்டர் மீது ஒரு கலர் சோடா கம்பெனியின் பெயர் எழுதியிருந்தது.

"பேகம்பூர் பாய் குடுக்குறாரு. சோடாவுல பொங்குறதும் இதே வாயுதானே?" என்றார் செபாஸ்டின், ரொம்ப சாதாரணமாக. சோதித்துப் பார்த்தோம், சுத்தமாகத்தான் இருந்தது. எங்கள் பேராசிரியரிடம் இதைச் சொல்வதை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைத்தேன்.

மறுநாள் அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து தாடிக்கொம்பைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனேன். திண்டுக்கல் ஊருக்கு நடுவில் நிற்கும் பெரிய பாறை, எவ்வளவு தூரம் போனாலும் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. ஈப்போவைச் சுற்றியும் பாறை மலைகள்தான். ஆனால் எங்கள் மலைகளுக்கு முடி உண்டு, இது சுத்த மொட்டை. வழியெல்லாம் மல்லிகைத் தோட்டம், கத்தரித் தோட்டம், கிணறு. எங்கள் ஊரில் சாயங்காலம் ஆனால் மழை வந்துவிடும். இங்கே ஜனங்கள் மழையைப் பற்றி, வெளிநாட்டுக்குப் போன பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்கள்.

நாங்கள் போனது நாகம்மாள் வீட்டுக்கு. நாற்பதைத் தாண்டிய பெண், கணீர் என்ற குரல், கையில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை. கணவர் முத்துச்சாமி நேர் எதிர். பத்து கேள்விக்கு ஒரு தலையாட்டல்தான் கிடைக்கும். தொழுவத்தில் இரண்டு செவலை மாடுகள் நின்றன. ஒரே தாய்க்கு அடுத்தடுத்துப் பிறந்தவை. மூத்தவள் செவத்தி, இளையவள் சிட்டு. அச்சில் வார்த்தது போல இரண்டும் ஒன்றாகவே இருந்தன. செவத்தி வருஷம் தவறாமல் கன்று போடுகிறவள். இப்போதும் நிறைசினை, பால் வற்றி நிற்கிறாள். சிட்டு ஒரே ஒரு தடவை ஈன்றாள். அந்தக் கன்றும் தங்கவில்லை, நஞ்சுக்கொடியும் விழவில்லை. உள்ளே சீழ் பிடித்து, பிறகு எத்தனை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. வேலை வெட்டி இல்லாமல் தின்று தின்று அவளும் வயிறு உப்பித்தான் இருந்தாள்.

தொழுவத்துத் தூணில் ஒரு புதுக் கயிறு தொங்கியது. கட்டைவிரல் தடிமன், இன்னும் மாட்டு வாசனை ஏறாத கயிறு. எதற்கு என்று கேட்டேன். நாகம்மாள் உள்ளே போய்விட்டாள். செபாஸ்டின்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இங்க மாட்ட வித்தா கயித்தக் குடுக்க மாட்டாங்கண்ணே. கயிறோட போனா வீட்டு லட்சுமியும் போயிரும்பாங்க. வாங்குறவன்தான் கயிறு கொண்டு வரணும். இது ஒட்டன்சத்திரம் சந்தை வியாபாரி விட்டுட்டுப் போன கயிறு. சித்திரை முடிஞ்சு வருவாரு. அதுக்குள்ள சிட்டுக்குச் சினை நின்னா கயித்த மட்டும் எடுத்துக்குவாரு. இல்லாட்டி மாட்ட ஓட்டிக்குவாரு. அப்புறம் அறுப்புக்குப் போற கேரளா லாரிதான்."

முத்துச்சாமி அதைக் கேட்டும் கேட்காதது போல வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கறக்காத மாடும் கறக்கிற மாட்டுக்குச் சமமாகத்தான் தின்னும். உள்ளேயிருந்து நாகம்மாளின் குரல் வந்தது.

"பெத்துப் போடலன்னா லாரியா? அப்பிடின்னா ஊருல பாதிப் பேர ஏத்தணும். தாய் செத்த கன்னு அது. நாந்தான் புட்டியில பால் ஊத்தி வளத்தேன்."

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்கள். பச்சை மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. "வெஞ்சனத்துக்கு முட்டை பொரிக்கவாண்ணே?" என்று கேட்டாள் நாகம்மாள். வெஞ்சனம் என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது என்று அன்றுதான் கற்றேன். அந்த மொச்சைக்கு எந்த வெஞ்சனமும் தேவைப்படவில்லை. நான் மூன்றாவது தடவை குழம்பு கேட்டதும் முத்துச்சாமி முதல் தடவையாகச் சிரித்தார்.

"அதென்னண்ணே, மாட்டுக் கொழுப்ப எடுத்து மாட்டுக்கே குடுப்பீங்களாம்?" என்று நாகம்மாள் கேட்டாள்.

வயிறு நிறைந்த உற்சாகத்தில் விளக்க ஆரம்பித்தேன். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வேலை உண்டு, சில செல்கள் மட்டும் இன்னும் எந்த வேலைக்கும் போகாமல் குருத்தாகவே இருக்கும் என்றேன். அவள் முகம் மாறவில்லை. தொழுவத்துக்குப் பின்னால் வாழைகள் நின்றன. "அதோ, வாழைக்குப் பக்கத்துல வெடிச்சு வருதே பக்கக்கன்னு, அது மாதிரின்னு வச்சுக்கம்மா. அதப் பெயர்த்து இன்னொரு இடத்துல நட்டா வளருதில்ல?" என்றேன்.

"அப்பிடிச் சொல்லுங்க! இப்ப வெளங்கிருச்சு" என்றாள். நான் பெருமையோடு செபாஸ்டினைத் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு எளிதாக எங்கள் பேராசிரியருக்குக்கூட விளக்க வராது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் விடிகாலையிலேயே கொழுப்பெடுக்கப் போனோம். மார்கழிப் பனி. மலேசியாக்காரனுக்கு அது குளிர்தான். மப்ளர் கட்டியிருந்த என்னைப் பார்த்து ஊரே சிரித்தது. மரத்தூண் நட்டு மூங்கில் கட்டிய சட்டத்துக்குள் மாட்டை ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள் நாகம்மாள். பனிக்காக முதுகிலிருந்து வயிறுவரை சாக்குப் போர்த்தியிருந்தாள். வாலடி மட்டும் வெளியே தெரிந்தது. செபாஸ்டினுக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு ஊர்களில் மாடுகள் காத்திருந்தன. வாலடியில் முடியைச் சிரைத்தார், மரத்துப்போக ஊசி போட்டார், சின்னதாகக் கீறினார், கொழுப்பை எடுத்தார், மூன்று தையல் போட்டார். மாடு அசை போடுவதைக்கூட நிறுத்தவில்லை. நாகம்மாள் அதன் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு எனக்கு வெளியே வேலை இல்லை. கண்ணாடித் தடுப்புக்குள்ளேயே கிடந்தேன். ஒவ்வொரு மாட்டுக்கும் தனிக் குடுவை. முதலில் குடுவையின் அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிக்கொண்டு கிடந்த செல்கள், பிறகு வெள்ளரி விதை போல நீண்டு, ஒன்றை ஒன்று தொட ஆரம்பித்தன. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், அந்தக் காட்சி எனக்கு இன்னும் அலுக்கவில்லை. நாகம்மாள் வீட்டுக் குடுவை மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு வளர்ந்தது. சிட்டுவுக்கு நல்ல காலம்தான் என்று செபாஸ்டினிடம் சொன்னேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் சிலிண்டரின் முள் கீழே இறங்கிவிட்டது. கடைகள் அடைத்துவிட்டால் மூன்று நாளைக்கு ஒன்றும் கிடைக்காது. செபாஸ்டின் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார், எருமைப் பிரசவம். காலிச் சிலிண்டரை ஆட்டோவில் படுக்கவைத்துக்கொண்டு நானே பேகம்பூர் போனேன்.

சோடா பாய் வாசலிலேயே உட்கார்ந்து கலர் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "பொங்கலுக்குக் கலர் கேக்குற ஜனத்துக்கே எங்கிட்ட வாயு பத்தல சார்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அது அழுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். "சரி, சரி. கலரு இல்லாட்டி ஒருத்தனும் சாகமாட்டான்" என்று உள்ளே திரும்பி உருதுவில் என்னவோ சொன்னார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் நீளமாகப் பதில் சொன்னது. ஆட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். என்ன என்று கேட்டேன்.

"மாட்டுக்குப் புள்ள நிக்க நம்ம சோடா வாயுவா? அப்ப நம்மகிட்ட கலர் வாங்கிக் குடிக்கிறவங்க கதி என்னன்னு கேக்குறாங்கண்ணே."

பாய் சிரிக்கவில்லை. நிறைந்த சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தட்டில் பிரியாணி கொண்டுவந்து வைத்தார். சின்னச் சின்ன அரிசி, மிளகுக் காரம், நெய் கையில் ஒட்டவே இல்லை. பினாங்கு நாசி கண்டார் சோறு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, சோற்றின் மேல் நாலு குழம்பை ஊற்றாமல் சாப்பிடுவது புதுசு. ஊற்றவேண்டிய அவசியமே இல்லை என்று இரண்டாவது கவளத்தில் தெரிந்துவிட்டது.

திரும்பும் வழியில் ஒரு வேகத்தடையில் ஆட்டோ குதித்தது. சிலிண்டர் என் மடியைத் தாண்டி வெளியே விழுந்து உருள ஆரம்பித்தது. கேஸ் வெடிக்கப் போகிறது என்று யாரோ கத்த, கரும்புக் கட்டுகளைப் போட்டுவிட்டு ஆட்கள் ஓடினார்கள். "சோடா! சோடா!" என்று கத்திக்கொண்டே நான் அதன் பின்னால் ஓடினேன். ஒரு மஞ்சள் கொத்துக் கடையில் முட்டிக்கொண்டு அது நின்றது. கடைக்காரப் பெண்மணி என்னைத் திட்டிய திட்டு சுத்தமான தமிழ். அதில் பாதி எனக்குப் புரியாமல் போனது நல்லதாகப் போயிற்று. குடுவைகள் பிழைத்துக்கொண்டன.

மாட்டுப் பொங்கலுக்கு நாகம்மாள் வீட்டில் இருந்தேன். செவத்தியையும் சிட்டுவையும் குளிப்பாட்டி, கொம்புக்கு நீலமும் சிவப்பும் அடித்து, பழைய கயிற்றைக் கழற்றிப் புதுக் கயிறு மாற்றினார்கள். "புதுசுதான் ஒண்ணு தூணுல தொங்குதே, சிட்டுக்கு அதக் கட்டிரு" என்று முத்துச்சாமி தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். நாகம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் நொடியில் கிணற்றுப் பக்கம் காணாமல் போனார். சிட்டுக்கு அவளே சந்தையில் வாங்கிவைத்திருந்த கயிறு, நடுவில் மஞ்சள் நூல் சுற்றியது. வியாபாரியின் கயிறு இருந்த இடத்திலேயே இருந்தது.

பொங்கல் சாப்பிடும்போது எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். நாலு பெண்கள் என்றேன். "நாலும் பொம்பளப் புள்ளயா!" என்று 'உச்' கொட்டினார்கள். ஈப்போவிலும் இந்த 'உச்' எனக்குப் பழக்கம்தான். என் அத்தை கொட்டாத 'உச்'சா? என் பெண்களைப் பற்றி யாராவது இப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும், அன்றைக்கும் வந்தது. ஆனால் நாகம்மாள் மட்டும் 'உச்' கொட்டவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாலும் பொட்டையாண்ணே?" என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

செல்களைச் செலுத்தவேண்டிய நாளும் வந்தது. குடுவையிலிருந்து செல்களைப் பிரித்து, கழுவி, சின்னக் குப்பியில் அடைத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்துப் போனோம். சிட்டு சட்டத்துக்குள் நின்றாள். இந்தத் தடவை சாக்கு இல்லை. தையல் போட்ட இடம் எப்படி ஆறியிருக்கிறது என்று பார்ப்பதற்காக வாலைத் தூக்கினேன். தையல் இல்லை. தழும்பு இல்லை. முடி சிரைத்த அடையாளம்கூட இல்லை.

"செபாஸ்டின்" என்றேன். அவரும் வந்து பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தோம். செவத்தி வாலை வீசி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். வால் தூக்கும்போதெல்லாம் சிரைத்த வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

செபாஸ்டின் கத்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தினார். "நெறைசினை மாட்டையா என் கையில அறுக்கக் குடுத்தே? ஏதாவது ஆயிருந்தா?"

நாகம்மாளுக்கு அவர் ஏன் கத்துகிறார் என்றே புரியவில்லை. "அண்ணந்தான சொன்னாரு, வாழக்கன்னு மாதிரின்னு? நல்லாத் தார் போட்ட மரத்தடியில இருந்துதான டாக்டரே கன்னு எடுப்போம்? காய்க்காத மரத்துலயா எடுப்பாக? சிட்டுகிட்ட எடுத்தத சிட்டுக்கே குடுத்தா என்ன வரும்? மலடுதான வரும்? அதான் செவத்தியப் புடிச்சு நிப்பாட்டுனேன். பனின்னு சாக்கு போத்துனேன்."

முத்துச்சாமி தலையை ஆட்டினார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதில் ஒளித்துச் செய்த காரியம் எதுவும் இருப்பதாகவே அவர்கள் நினைக்கவில்லை. விதைக்கு நல்ல காயை ஒதுக்குவதைப் போய் யாரிடமாவது சொல்வார்களா என்ன!

செபாஸ்டின் முதலில் செவத்தியைச் சோதித்தார். வயிற்றுக்குள் கன்று நன்றாக அசைந்தது. அவருக்கு மூச்சு வந்தது. பிறகு குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதக் கொட்டிருவோம்ணே" என்றார்.

நாகம்மாளிடம் நான் நிதானமாகச் சொன்னேன். சிட்டுவின் மலடு அவள் ரத்தத்தில் இல்லை, கருப்பையில் வந்த புண்ணால் வந்தது. அவளுடைய கொழுப்பில் இருந்த குருத்துகள் நல்ல குருத்துகள்தான். சொந்தச் செல் என்றால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். அடுத்த மாட்டின் செல் என்றால் சண்டை போட்டாலும் போடலாம், காய்ச்சல் வரலாம். வாழையை உதாரணம் காட்டியது என் தப்பு. நாகம்மாளின் முகம் மெல்ல மெல்ல வெளிறியது. தூணில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். "அப்ப நானே கெடுத்துட்டேனாண்ணே?" என்றாள். அந்தக் கணீர்க் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

புதிதாக எடுத்து வளர்க்க எனக்கு விடுப்பும் இல்லை, விசாவும் இல்லை. வரப்பு மேல் ஏறி நின்று, சிக்னல் கிடைத்த ஒரே இடத்திலிருந்து, ஈப்போவுக்குப் பேராசிரியரை அழைத்தேன். அந்த அம்மாள் மலாய் மொழியில் பேசினார். நடந்ததைச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நம் ஆய்வைப் பொறுத்தவரை அந்த மாடு இன்றோடு இல்லை. அறிக்கையில் எழுத முடியாது, கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் மாட்டைப் பொறுத்தவரை நீங்கள் கையில் வைத்திருப்பது கூடப்பிறந்த அக்காவின் செல். இந்த வகைச் செல்களோடு உடம்பு பெரும்பாலும் சண்டைக்குப் போவதில்லை. உறுதி சொல்லமாட்டேன். உடைமைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சரி என்றால், மருத்துவரும் சரி என்றால், செய்யுங்கள். இரண்டு நாள் காய்ச்சல் பாருங்கள்." பிறகு கேட்டார்: "அது சரி, வாழை உதாரணம் யார் சொன்னது?"

லைன் கட்டாகிவிட்டது போல நடித்தேன்.

அவர் சொன்னது அத்தனையும் நாகம்மாளிடம் ஒளிக்காமல் சொன்னோம். காய்ச்சல் வரலாம், மாட்டுக்கு ஆபத்தும் வரலாம், ஒன்றுமே நடக்காமலும் போகலாம். அவள் முத்துச்சாமியைப் பார்த்தாள். அவர் நான் வந்ததிலிருந்து பேசாததை எல்லாம் சேர்த்து ஒரே வாக்கியமாகப் பேசினார்: "லாரியில போறதுக்கு இது மேலு, ஊத்துங்க."

செபாஸ்டின் தோள்வரை உறை மாட்டிக்கொண்டார். மாட்டின் உள்ளே ஒரு கையை விட்டு, இன்னொரு கையால் மெல்லிய குழாயைக் கருப்பை வாய்க்குள் செலுத்தினார். குழாயின் இந்த நுனியில் ஊசிக்குழல். அவர் அதை அழுத்தப் போகும்போது நாகம்மாள் குறுக்கே வந்தாள்.

"டாக்டரே, கோவிச்சுக்காதீக. அத அண்ணன் அழுத்தட்டும்."

"ஏம்மா, எனக்கு அழுத்தத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாதது உண்டா? ஆனா உங்களுக்குக் கல்யாணமே ஆகலயே. அண்ணன் நாலு பொட்டப் புள்ள பெத்த மனுசன். கைராசி வேணும்ல?"

என் வாழ்நாளில் நாலு பெண்களைப் பெற்றதற்காக யாரும் என்னை முன்னால் கூப்பிட்டது இல்லை. செபாஸ்டின் முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே, குழாய் நகராமல் பிடித்துக்கொண்டு இடம்விட்டார். நான் ஊசிக்குழலை வாங்கி மெதுவாக, ரொம்ப மெதுவாக அழுத்தினேன். சிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்குக் குறைச்சல். அன்றைக்கு மனசுக்குள் என் நாலு பெண்களின் பேரையும் வரிசையாகச் சொன்னேன்.

மறுநாள் காலை சிட்டு தவிட்டுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காய்ச்சல் கொஞ்சம் ஏறியிருந்தது. தினமும் போகிற மல்லிகைத் தோட்டத்துக்கு அன்று நாகம்மாள் பூப்பறிக்கப் போகவில்லை. மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து கழுத்தை நீவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு உரச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன். செபாஸ்டின் ஊசி போட்டுவிட்டு, "பாப்போம்" என்றார். டாக்டர்கள் அந்த வார்த்தையைச் சொன்னால் எனக்குப் பிடிக்காது. பொழுது சாயும் நேரத்தில் சிட்டு எழுந்து நின்றாள். என் பையை மோந்தாள். உள்ளே ஊருக்குக் கொண்டுபோக வாங்கி வைத்திருந்த சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு இருந்தது. ஒன்று விடாமல் தின்றாள், தோலோடு. நாகம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

நான் ஈப்போ திரும்பினேன். மாசியில் சிட்டு பருவத்துக்கு வந்து சினை ஊசி போட்டார்கள் என்று செபாஸ்டின் சொன்னார். பிறகு நான் நாள்காட்டியைத் தமிழ் மாதத்தில் பார்க்க ஆரம்பித்தேன். சித்திரை முடியப் போகிற ஒரு மதியம், சாப்பாட்டுக் கடையில் தே தாரேக், அதாவது ஆற்றின டீ, குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணே, கைய விட்டுப் பாத்தேன்" என்றார் செபாஸ்டின். அதோடு நிறுத்திக்கொண்டார். பாவி மனிதர், நான் கெஞ்சும்வரை அடுத்த வார்த்தையைச் சொல்லவில்லை. "நின்னுருக்கு" என்றார். மேசையைத் தட்டியதில் பக்கத்து ஆளின் கிளாஸ் கவிழ்ந்தது. அவருக்கு இன்னொரு தே தாரேக் வாங்கிக் கொடுத்து, ஒரு மாடு கர்ப்பமாக இருக்கிறது என்று விளக்கினேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

எதனால் நின்றது என்று என்னைக் கேட்காதீர்கள். அக்காவின் செல் ஆற்றியதா, கருப்பைக்குக் கிடைத்த ஓய்வா, சும்மாவே நிற்கும் வேளை வந்துவிட்டதா, தெரியாது. ஒரு மாட்டை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். மற்ற மாடுகளில் சிலவற்றுக்கு நின்றது, சிலவற்றுக்கு நிற்கவில்லை. அவை எல்லாம் எங்கள் அறிக்கையில் இருக்கின்றன. சிட்டு இல்லை.

அடுத்த பொங்கலை ஒட்டி இரண்டாம் கட்ட வேலைக்காகத் திரும்பவும் திண்டுக்கல் போனேன். டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, இந்தத் தடவை எனக்கு வேடசந்தூர்தான் பூர்வீகம் என்று தீர்த்துச் சொன்னார். அங்கிருந்து நேராக நாகம்மாள் வீட்டுக்குத்தான் போனேன். தொழுவத்தில் நுழைந்ததும் என் கண் முதலில் போனது தூணுக்கு. ஆணி மட்டும் இருந்தது, கயிறு இல்லை.

"வியாபாரி வந்து எடுத்துட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டேன்.

"வந்தாரு. கேட்டாரு. நாந்தான் குடுக்கல. சிட்டுக்குன்னு கொண்டாந்த கயிறு சிட்டு வீட்டுலயேதான் இருக்கும்னுட்டேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு" என்றாள். பிறகு என் கையைப் பிடிக்காத குறையாகத் தொழுவத்தின் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

வாழையடியில் சிட்டு நின்றாள். அவள் மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது ஒரு செவலைக் கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

"கெடேரிண்ணே! நாலு பொண்ணு பெத்த கை ஊத்துனா வேற என்ன வரும்?"

அதன் கழுத்தில் அந்தக் கயிறு. கட்டைவிரல் தடிமன் கயிறு அந்தச் சின்னக் கழுத்துக்கு ரொம்பப் பெரிசு. இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டும் தளர்ந்து தொங்கியது. என்னைக் கண்டதும் கன்று மிரண்டு துள்ளியது. கட்டியிருந்த முளையைப் பிடுங்கிக்கொண்டு, லாரிக்கு வந்த கயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டே, நாகம்மாளின் கத்தரித் தோட்டத்துக்குள் ஓடியது.